மெத்தைகளுக்கு நடுவே கண்ணாடி

அத்தியாயம் 17

விடிந்து ஒரு மணி நேரமாகியும் பனி விலகவில்லை. குளத்தின் கண்ணாடிக் கூரை வழியே இறங்கிய வெளிச்சம் பால் கலந்த நீலமாக இருந்தது. உள்ளே நடமாடிய எல்லாரும் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் மெதுவாகத் தெரிந்தார்கள்.

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: இந்தக் குளத்தில் தண்ணீர் கிடையாது. நகரத்தின் ஓரத்தில் பாழடைந்து கிடந்த நீச்சல் குளம் இது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பாப்பா இதை வாடகைக்கு எடுத்தாள். ஒரு பக்கச் சுவரை உடைத்துச் சரிவு போட்டு வேன்களை உள்ளே இறக்கினாள். ஆழமான பக்கத்தில் வேன் நின்றால் அதன் தளமும் குளத்தின் கரையும் ஒரே மட்டத்தில் இருக்கும். யாரும் குனிந்து தூக்க வேண்டியதில்லை, தள்ளிவிட்டால் போதும். நீந்துகிறவர்களுக்காகத் தரையில் பதித்திருந்த எட்டுக் கறுப்புக் கோடுகளை பெயிண்ட் அடித்துக் கரைவரைக்கும் நீட்டி, கோட்டுக்கு ஒரு தெரு என்று பிரித்துவிட்டாள்.

வெளியூர் லாரிகள் விடியற்காலையில் இங்கே வந்து சரக்கை இறக்கிவிட்டுப் போய்விடும். மருந்தும் மாவும் நூல்கண்டும் நோட்டுப் புத்தகமும் தெருவாரியாகப் பிரிந்து, ஒரே வேனில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகும். முன்பெல்லாம் ஒரு கடைக்கு ஒரு வண்டி. அதிலும் பாதி காலியாக வரும். இப்போது நூற்றிருபது கடைகளுக்கு மூன்றே பேட்டரி வேன். இந்த ஏற்பாட்டுக்குத்தான் கூட்டு வண்டி என்று பெயர்.

பாப்பாவுக்கு வயது முப்பத்தெட்டு. வீட்டில் கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. நகராட்சி அலுவலகத்தில்கூட 'பாப்பா மேடம்' என்றுதான் கோப்பைத் தேடுவார்கள்.

போன வாரம் அவளுடைய சித்தப்பா ஒருவழியாகச் சம்மதித்ததில் நிறுத்தியிருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் பன்னிரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒன்றாக இருந்த கடை இரண்டானபோது அப்பா மெத்தையை எடுத்துக்கொண்டார், சித்தப்பா கண்ணாடியை. எதிரெதிரே கடை. தெருவில் பெரிய கடைகளும் அவை இரண்டும்தான்.

நர்சிங் படிக்கிற பெண்களுக்காகப் புதிதாகக் கட்டிய விடுதி ஒன்று, நாற்பது மெத்தையை அப்பாவிடமும் நாற்பது நிலைக்கண்ணாடியை சித்தப்பாவிடமும் கேட்டிருந்தது. பெண்கள் இன்று மாலை பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். ஒரு நாள் பார்க்கிறேன் என்று சித்தப்பா தன் சரக்கைக் கூட்டு வண்டிக்குக் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை.

அந்த நிபந்தனையைத்தான் குருவி இப்போது மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்பா தெளிவா சொல்லிட்டார்க்கா. பெரியப்பா சரக்கு இருக்குற வண்டில அவர் சரக்கு ஏறக் கூடாதாம்."

குருவி சித்தப்பாவின் ஒரே மகள். இருபத்தாறு வயது. கூட்டு வண்டியின் முதல் வேனை ஓட்டுகிறவள் அவள்தான். சந்துபொந்தெல்லாம் இடிக்காமல் நுழைந்து வந்துவிடுவதால் அந்தப் பெயர்.

பாப்பா கரையில் நின்று பார்த்தாள். ஒரே விடுதிக்குப் போகிற சரக்குதான், ஆனாலும் தள்ளித் தள்ளி இறங்கியிருந்தது. மூன்றாவது கோட்டில் நாற்பது வெள்ளை மெத்தைகள் மேகம் இறங்கிப் படுத்ததுபோல் கிடந்தன. ஐந்தாவது கோட்டில் சட்டம் போட்டுச் சாய்த்து வைத்த கண்ணாடிகளில் கூரையும் பனியும் தெரிந்தன.

"ரெண்டையும் சேர்த்து ஏத்தினா ஒரு வண்டி சரியா நிறையும். மெத்தை இடத்தை அடைக்கும், எடையே இருக்காது. கண்ணாடி நல்ல கனம், ஆனா இடம் கேக்காது" என்றாள் பாப்பா.

"எனக்கும் தெரியுதுக்கா. இன்னைக்கு ஒரு நாள் ரெண்டு வண்டி விட்டுட்டாப் போச்சு."

"ரெண்டாவது வண்டியை எங்கேர்ந்து எடுக்கறது? மருந்து ரவுண்டை நிறுத்தணும்."

குருவி உதட்டைப் பிதுக்கினாள்.

மாதக் கடைசியோடு நகராட்சியின் உதவித்தொகை முடிகிறது. அதன் பிறகு கூட்டு வண்டி சொந்தக் காலில் நிற்க வேண்டும். வேன் முக்கால்வாசி நிறையாமல் கிளம்பினால் கைக்காசு கரையும். இது பாப்பாவுக்கு மனப்பாடம். அண்ணன் தம்பி இரண்டு பேரின் சரக்கும் தினமும் வந்தால் தப்பித்துவிடலாம். ஆளுக்கொரு வண்டி என்று அவை வந்தால், வராமலே இருப்பது மேல்.

"நான் போய் சித்தப்பாவைக் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் எதையும் ஏத்தாதே."

"ஒத்துக்க மாட்டார்க்கா."

"கேட்டுப் பார்க்கலாம்."

சரிவின் பக்கமாக அவள் நடந்தபோது மெத்தைகளை எண்ண வந்திருந்த அப்பா எதிரே நின்றார். பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"என்ன சொல்லி அவனை மடக்கப் போற?"

"நடந்ததைச் சொல்லப் போறேன்பா."

அப்பாவின் முகம் மாறியது. குருவி கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார். "வேண்டாம்மா. பன்னெண்டு வருஷமா நான் எதுக்கு வாயைக் கட்டிட்டு இருக்கேன்?"

"எனக்காகத்தான். தெரியும்பா. போதும்."

அவர் அவள் கையைப் பிடித்தார். அப்புறம் தானாகவே விட்டார்.

கரையோரம் நாற்காலி போட்டிருந்த விசில்காரர் எழுந்து ஒரு விசில் அடித்தார். குளத்தில் தண்ணீர் இருந்த காலத்தில் நீந்துகிறவர்களைக் காவல் காத்தவர் அவர். இப்போது வேன்களுக்கு வழிவிடுகிறார். ஆள் நடந்துபோனாலும் விசில்தான்.

*

கடைத்தெருவில் பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. பெயர்ப்பலகைகள் பாதி வரைக்கும்தான் தெரிந்தன. யாரோ தண்ணீர் தெளித்துப் பெருக்குகிற சத்தம் மட்டும் வந்தது, பெருக்குகிற ஆள் தெரியவில்லை.

கண்ணாடிக் கடைக்குள் நுழைந்ததும் பாப்பா பத்துப் பேரானாள். ஒருத்தி வாசலைப் பார்த்தாள், ஒருத்தி முதுகைக் காட்டினாள், ஒருத்திக்குத் தலை மட்டும் இருந்தது. கடை ஒன்றாக இருந்த காலத்தில், சின்ன வயதில், கண்ணாடிகளுக்கு நடுவே ஒளிந்து விளையாடியிருக்கிறாள். சித்திதான் வந்து கண்டுபிடிப்பாள். எந்தப் பாப்பா நிஜப் பாப்பா என்று ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே வருவாள்.

சித்தப்பா உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வட்டக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா. எதுலயும் சாயாம உட்காரு. என் சரக்கு ஏறிடுச்சா?"

"இல்ல சித்தப்பா. உங்களைக் கேட்டுட்டு ஏத்தலாம்னு வந்தேன்."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அன்னைக்கே சொல்லிட்டேனே."

"ரெண்டு வண்டி விட்டா மருந்துக் கடைங்களுக்குப் போற ரவுண்டு நின்னுடும்."

"அப்ப விட்டுடு. என் பழைய வண்டியிலேயே அனுப்பிக்கறேன்."

"அந்த வண்டில போன மாசம் எத்தனை உடைஞ்சுது?"

துணி நின்றது. "குருவி சொன்னாளா?"

"அவ ஏன் சொல்லணும்? உடைஞ்ச சத்தம் தெரு முழுக்கக் கேட்டுச்சே."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கண்ணாடியைத் திருப்பிப் பின்பக்கத்தைத் துடைத்து அதை மறைத்துக்கொண்டார்.

"இது ஒரு நாள் விஷயம் இல்ல சித்தப்பா. இன்னைக்கு உங்களுக்காக ரெண்டு வண்டி விட்டா, நாளைக்கு மாவுக்கடைக்காரர் சோப்பு வாசனை ஒட்டிக்கும், தனி வண்டி குடுன்னுவார். அப்புறம் ஆளுக்கொரு வண்டி. பழையபடி தெரு அடைச்சுக்கும். நான் குளத்தைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போகணும்."

"உன் அப்பன் சொல்லி அனுப்பினானா?"

"அப்பா வேண்டாம்னுதான் சொன்னார்."

"எதை வேண்டாம்னான்?"

பாப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாக் கண்ணாடிகளிலும் எல்லாப் பாப்பாக்களும் அப்படியே செய்தார்கள்.

"சித்தி தவறிப்போன அன்னைக்கு நம்ம கடை வண்டியை ஓட்டினது நான்தான்."

வெளியே பெருக்குகிற சத்தம் நின்றிருந்தது.

"டிரைவர் அன்னைக்கு லீவு. ரெண்டு மெத்தை இறக்கணும்னு நான் எடுத்துட்டுப் போனேன். ஒண்ணை இறக்கினதும் அப்பா போன் பண்ணினார். சித்திக்கு உடம்பு சரியில்ல, உடனே திரும்புன்னார். அடுத்த வீடு மூணு வாசல் தள்ளித்தான் இருந்துச்சு. பத்து நிமிஷம்தானேன்னு அதையும் இறக்கிட்டுத் திரும்பினேன். அதுக்குள்ள தெரு அடைச்சுடுச்சு. எனக்கு முன்னாடி பதினொரு லாரி. ஒரு பெட்டி, ரெண்டு பெட்டி இறக்கறதுக்காக வந்து நின்ன லாரிங்க. ஒவ்வொண்ணாக் கெஞ்சினேன். யாருக்கும் பின்னால போக வழி இல்ல."

"ஒன்றரை மணி நேரம்." சித்தப்பாவின் குரல் வேறு எங்கிருந்தோ வந்தது. "வண்டி வந்துட்டே இருக்கு, வந்துட்டே இருக்குன்னான் உன் அப்பன். அதை நம்பி ஆம்புலன்ஸைக்கூடக் கூப்பிடல. உட்கார்ந்துட்டே இருந்தேன்."

"நான் அப்பாகிட்ட அப்படித்தான் சொல்லிட்டே இருந்தேன். இதோ வந்துட்டேன்னு. அப்பா பொய் சொல்லல சித்தப்பா."

"டிரைவரை வியாபாரத்துக்கு அனுப்பிட்டு என்னை ஏமாத்தினான்னு நினைச்சேன்."

"தெரியும்."

"ஒரு தடவை அவன் சொல்லியிருக்கலாமே. என் பொண்ணுதான் ஓட்டினான்னு."

"அதைச் சொன்னா நீங்க என் முகத்துல முழிக்க மாட்டீங்கன்னு பயந்தார். நானும் அதுக்குத்தான் பயந்தேன்."

சித்தப்பா வட்டக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்தார். சரியாக நிற்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தை நேராகப் பார்க்கிற தைரியம் பாப்பாவுக்கு வரவில்லை. பக்கத்திலிருந்த கண்ணாடி ஒன்றில் அவருடைய நரைத்த பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் கேட்டார். "இந்தக் கூட்டு வண்டி அதுக்காகத்தானா?"

பாப்பா ஆமென்று தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு ஜோடிக் கையுறையை எடுத்தார். "உன் ஆளுங்களுக்குக் கண்ணாடி பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நட."

வாசலைத் தாண்டியதும் பனிக்குள் நின்று திரும்பினார். "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. சரக்கு உடையக் கூடாது. அதுக்குத்தான் வரேன்."

"சரி சித்தப்பா."

"குருவிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீதான் சொல்லணும். இன்னைக்கே சொல்லணும். அவ அம்மா அது."

*

சித்தப்பா குளத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. சரிவில் இறங்கினவர் பாதியில் நின்று அண்ணாந்து பார்த்தார். கூரையிலிருந்து வந்த ஈர வெளிச்சம் நீல ஓடுகளில் பட்டு அசைவதுபோல இருந்தது.

"மூச்சை அடக்கிக்கணுமா?" என்றார்.

"மூணு நாள்ல பழகிடும்" என்று விசில்காரர் கரையிலிருந்து உறுதி சொன்னார். மரியாதைக்கு ஒரு விசிலும் அடித்தார்.

மெத்தை அடுக்கின் மறுபக்கத்திலிருந்து அப்பா எழுந்தார். தம்பியைப் பார்த்ததும் கையில் இருந்த சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

சித்தப்பா அவரிடம் போகவில்லை. கரையேறி நேராக மெத்தையிடம் போனார். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார்.

"பஞ்சு தரத்தைக் குறைச்சாச்சா?" என்று மெத்தையைக் கேட்டார்.

"அது பஞ்சு இல்ல. நுரை. இப்ப எல்லாம் நுரைதான்" என்றார் அப்பா.

"ம்."

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அவ்வளவுதான் பேசினார்கள். வேனின் பின்கதவருகே நின்றிருந்த குருவி வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று கண்ணாலேயே பாப்பாவைக் கேட்டாள். பாப்பா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

சித்தப்பா கையுறையை மாட்டிக்கொண்டு உத்தரவு போட ஆரம்பித்தார். கண்ணாடியை எக்காரணம் கொண்டும் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்ந்துதான் போக வேண்டும். ஆகவே மெத்தையையும் பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். ஒரு மெத்தை, ஒரு கண்ணாடி, ஒரு மெத்தை. மேலே மரக்கூடு வேண்டாம், வைக்கோல் வேண்டாம், கயிறு ஒன்று போதும்.

கண்ணாடியின் ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க அங்கே யாருக்கும் கை வரவில்லை. அப்பா வந்து பிடித்தார். கடை ஒன்றாக இருந்தபோது இருபது வருடம் பிடித்த கை.

"உன் பக்கம் கொஞ்சம் தூக்கு."

"தூக்கிட்டேன்."

"விடாதே. இரு. இப்ப விடு."

"விட்டுட்டேன்."

"இன்னும் விடல நீ."

"விட்டுட்டேன்டா."

அந்த 'டா' குளத்தின் ஓடுகளில் பட்டு ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டு பேரும் கேட்காததுபோல் அடுத்த கண்ணாடிக்குப் போனார்கள்.

ஒவ்வொரு கண்ணாடியும் கரையிலிருந்து வேனுக்குப் போகிற ஒரு நிமிடத்தில் கூரை முழுவதையும் தனக்குள் எடுத்துக்கொண்டு போனது. இரண்டு வெள்ளை மெத்தைகளுக்கு நடுவே அது நுழைந்ததும் வெளிச்சம் அணைந்தது. நாற்பது தடவை அப்படி நடந்தது. பாப்பா எண்ணிக்கொண்டே நின்றாள். தூக்கம் வருகிறபோது எண்ணுவதுபோல் நடுநடுவே எண்ணை விட்டுவிட்டாள்.

கடைசியில் வேனில் உள்ளங்கை நுழைகிற இடம்தான் பாக்கி இருந்தது.

"முக்கால் வண்டின்னு கேட்ட. இது முழு வண்டி" என்றாள் குருவி.

பாப்பா அவள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் கூடப் போவதில்லை.

*

பேட்டரி வேனுக்குச் சத்தமே கிடையாது. பனிக்குள் அது போனபோது, வேன் நிற்பதுபோலவும் தெருதான் மெதுவாகப் பின்னால் நகர்வதுபோலவும் இருந்தது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தோன்றினார்கள், கையசைத்தார்கள், கரைந்தார்கள். ஒரு லாரிகூட வழியை மறிக்கவில்லை. இந்தத் தெருவில் காலை ஒன்பதரை மணிக்கு ஒரு குழந்தை நடுரோட்டில் சைக்கிள் பழகுவதை பாப்பா பார்த்தாள். பழகிப் போய்விட்டதால் தெருவில் யாரும் அதை ஓர் அதிசயமாகப் பார்க்கவில்லை.

குருவி மட்டும் சும்மா இருக்கவில்லை. "அப்பாகிட்ட என்னக்கா சொன்ன? மந்திரம் ஏதாவது போட்டியா? பெரியப்பா 'டா' போட்டார், அப்பா கோவிக்கவே இல்ல. பார்த்தல்ல?"

"பார்த்தேன்."

"இன்னைக்கு எனக்கு என்னமோ கனவுல இருக்கற மாதிரியே இருக்குக்கா."

"மேட்டுல மெதுவாப் போ."

"நாற்பது கண்ணாடி பின்னால இருக்கு. எனக்குத் தெரியாதா?"

விடுதியில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. மூன்று மாடி, நாற்பது அறை. எல்லாக் கதவும் திறந்திருந்தன. கட்டிலும் ஜன்னலும் தவிர அறைகளில் ஒன்றும் இல்லை. காப்பாளர் அம்மா சாவிக்கொத்தோடு வாசலிலேயே காத்திருந்தார். இரவெல்லாம் தூங்காத கண்கள்.

"நீங்களும் நாளைக்குன்னுதான் சொல்லப் போறீங்கன்னு நினைச்சேன். பொண்ணுங்களைத் தரையில படுக்கச் சொல்லணுமேன்னு அழுகையே வந்துடுச்சு."

முதல் கட்டு அவிழ்ந்தபோது குருவி மூச்சு விடவில்லை. மெத்தையை நகர்த்தினார்கள். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அடுத்தது. அதற்கடுத்தது. நாற்பதாவது வரைக்கும் ஒன்றும் உடையவில்லை.

வேலையாட்கள் அறை அறையாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே போனார்கள். மாட்டிய இடத்தில் எல்லாம் எதிர் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் பனி விலகத் தொடங்கிய வானம். பாப்பா இரண்டாம் மாடி நடையில் நடந்தபோது இருபுறமும் வெளிச்சமான சின்னச் சின்ன வானங்கள் வந்துகொண்டே இருந்தன. இன்று மாலை யார் யாரோ வந்து இதன் முன்னால் நின்று தலை வாருவார்கள். சித்தி இருந்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்திருப்பாள்.

கீழே வந்தபோது காப்பாளர் அம்மா ஒரு கிடங்கைத் திறந்து காட்டினார். பழைய விடுதியிலிருந்து வந்த மெத்தைகள், கூரைவரை.

"இதை எல்லாம் அப்புறப்படுத்தறதுக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குது. தனியா லாரி வச்சா கட்டுப்படியாகாது."

பாப்பாவுக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அவளை உறுத்திக்கொண்டிருந்தது இதுதான். போகிறபோது நிறைந்து போகிற வண்டி வருகிறபோது காலியாக வருகிறது. பாதி ஓட்டம் வீண்.

"வண்டி எப்படியும் திரும்பித்தான் போகுது. லாரி வாடகையில பாதி குடுங்க, நாங்க எடுத்துக்கறோம். பஞ்சைப் பிரிக்கிற பட்டறை எங்க குளத்துக்குப் பக்கத்துலயே இருக்கு."

"இன்னும் மூணு விடுதியில இதே கதைதான். அவங்களையும் உங்ககிட்டப் பேசச் சொல்லவா?"

"தாராளமா."

சரி என்று ஒரே நிமிடத்தில் முடிந்தது. போகும்போதும் வாடகை, வரும்போதும் வாடகை. கூட்டு வண்டி பிழைத்துக்கொள்ளும் என்று முதல் முறையாக பாப்பாவுக்கு உள்ளுக்குள் ஓர் எண்ணம் ஓடியது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தாள். குருவி வேனுக்குள் நின்று பழைய மெத்தைகளைத் தாறுமாறாக அடுக்கிக்கொண்டு, தனக்குத் தானே ஏதோ முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

*

வெயில் வந்துவிட்டது. ஆனாலும் தெருவின் மேலே மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று மிச்சம் இருந்தது. திருப்பத்தில் ஒரு பெரிய மரம். அதன் இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

"வண்டியை ஓரமா நிறுத்து" என்றாள் பாப்பா.

"என்னாச்சு? கட்டு அவிழ்ந்துடுச்சா?"

"இல்ல. நிறுத்து."

குருவி நிறுத்தினாள். பாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்பதை விட்டாள்.

சித்தப்பாவிடம் சொன்னது போல் இங்கே வார்த்தை கோர்வையாக வரவில்லை. டிரைவர் லீவில் இருந்ததை முதலில் சொன்னாள். பிறகு லாரிகளைச் சொன்னாள். அந்த இரண்டாவது மெத்தையைக் கடைசியில்தான் சொன்னாள். சொல்லும்போது வேனின் முன்கண்ணாடியில் விழுகிற துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்த பிறகும் குருவியின் பக்கம் திரும்பவில்லை.

"உன்கிட்ட நான் முதல்லயே சொல்லியிருக்கணும். வேலை கேட்டு வந்தியே, அன்னைக்கே. நீ சாவியை வச்சிட்டு இறங்கிப் போனாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் குருவி."

குருவி இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து, அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். முதுகு ஒரு தடவை குலுங்கியது. அப்புறம் அசைவில்லை.



"அக்கா."

"சொல்லும்மா."

"அம்மாவுக்கு வலி அன்னைக்குக் காலைல வரல."

பாப்பா திரும்பினாள்.

"முதல் நாள் சாயங்காலமே வந்துச்சு." குருவி நெற்றியை எடுக்காமலே பேசினாள். "நான் ஸ்கூல் விட்டு வந்தப்போ சமையல்கட்டுத் தரையில உட்கார்ந்திருந்தாங்க. நெஞ்சைப் பிடிச்சுட்டு. ஒண்ணும் இல்ல, சரியாப் போச்சு, அப்பாகிட்ட சொல்லாதேன்னாங்க. மறுநாள் கடையில பெரிய வேலை இருக்கு, பயந்துடுவார்னாங்க. சத்தியம் வாங்கிட்டாங்க. எனக்குப் பதினாலு வயசு. நான் சொல்லல."

"குருவி..."

"அவங்க போனதுக்கு அப்புறமும் சொல்லல. அப்பா பெரியப்பாவைத் திட்டறப்போ எல்லாம் பக்கத்துலதான் நிப்பேன். திட்டட்டும்னு விட்டுட்டேன். அவர் பெரியப்பாவைத் திட்டிட்டு இருக்கறவரைக்கும் என்கிட்ட எதுவும் கேக்க மாட்டார்ல."

பாப்பா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஹேண்ட் பிரேக் நடுவே இடித்தது. இரண்டு பேரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னால் வந்த ஒரு சைக்கிள்காரர் மணியடித்து, பதில் வராததால் சுற்றிக்கொண்டு போனார்.

பாப்பாவின் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். சித்தப்பா. சரக்கு உடையாமல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதற்காக இருக்கும். அல்லது அவள் சொல்லிவிட்டாளா என்று கேட்பதற்காக.

அடித்து அடித்து நின்றது.

குருவி முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஹேண்ட் பிரேக்கை எடுத்தாள்.

"எங்கடி போற?"

"அப்பா இன்னும் குளத்துலதான் இருப்பார். பெரியப்பாவும் இருப்பார்."

"இன்னைக்கே சொல்லணுமா? இன்னைக்குத்தான் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்காங்க."

"நீ மட்டும் இன்னைக்கே சொன்ன."

 வேன் சத்தமில்லாமல் நகர்ந்து, வெயிலும் பனியும் கலந்த தெருவில் திரும்பியது.